ஹாம்பர்க்கிலும் திருவொற்றியூரிலும் ஒரே நேரத்தில் நடப்பது

1

‘எங்கே போகிறாய்?’ என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை சரியான பதில் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை என் ஐந்து வயது மகள் ரியா அதைக் கேட்டாள். ஹாம்பர்க்கில் இலை உதிரத் தொடங்கிவிட்டது. வெளியே தூறல். நான் வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மா போற?”

“சும்மா.”

“சும்மான்னா எங்க?”

நிமிர்ந்தபோது, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கட்டைப்பை என் கைக்கு வந்திருந்தது. திருவொற்றியூரில் புடவை வாங்கியபோது ஜவுளிக் கடையில் கொடுத்த பை. ரியா பையைப் பார்த்தாள். பிறகு தனக்குச் சுலபமான ஜெர்மன் மொழிக்குத் தாவி, இன்று ஞாயிறு, எல்லாக் கடையும் மூடியிருக்கும் என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்த நாட்டில் ஞாயிறன்று ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட வாங்க முடியாது. வந்து ஏழு வருடம் ஆன எனக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பையை எடுத்தேன்.

வடசென்னைப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தெருவில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் “எங்க போற?” என்று கேட்பார்கள். அதில் அதிகாரம் ஒன்றும் கிடையாது, பாசம்தான். ஆனால் பதில் இருக்க வேண்டும். ரேஷன் கடை, மாவு மில், மெடிக்கல், கோயில், சர்ச் என்று ஏதாவது ஒன்று. ‘சும்மா நடக்கப் போகிறேன்’ என்றால், வீட்டில் ஏதோ சண்டை என்று முடிவுகட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நடக்க நினைப்பவள் கையில் ஒரு காலிப் பையை எடுத்துக்கொள்வாள். பை இருந்தால் பதில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹாம்பர்க்கில் இந்த ஏழு வருடத்தில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்டிருக்கலாமே என்று ஏங்கிய ஒரு குளிர்காலம் உண்டு.

2

அது போன குளிர்காலத்துக்கு முந்தையது. என் கணவர் ரெக்ஸ் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறார். திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்தும் அவை என்னை விடவில்லை. அவர் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். இங்கே குளிர்காலத்தில் பகல் என்பது மதியத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வந்து போகும் ஒரு விருந்தாளி.

எனக்கு அடுப்புப் பயம் வந்தது. வெளியே கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பேன். திரும்ப வந்து பார்ப்பேன். பிறகு அடுப்பின் திருகுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பேன். இது இன்று எடுத்ததா, நேற்று எடுத்ததா என்று சந்தேகம் வரும். வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கொஞ்ச நாளில் கிளம்புவதையே விட்டேன். ரியாவின் தட்டில் மிஞ்சியதே என் காலை உணவு. மற்ற நேரத்துக்குக் காபி. ராத்திரியில் தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, தீ விபத்து, நோய் என்று படிக்கக் கூடாததையெல்லாம் தேடித் தேடிப் படிப்பேன்.

ஒரு நாள் ரியாவைப் பாலர் பள்ளிக்குக் கிளப்பினேன். சின்னக் கோட்டு, குல்லாய், கையுறை எல்லாம் மாட்டியாயிற்று. அவள் வாசலுக்கு வராமல் சமையலறைக்குப் போனாள். நுனிக்காலில் எக்கி, அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். “அடுப்பு ஓகே” என்றாள். அன்று மதியமே டாக்டருக்குப் போன் செய்தேன்.

எங்கள் குடும்ப டாக்டரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். நான் அரைகுறை ஜெர்மனில் பேசி முடிக்கும்வரை அந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை. மனநல ஆலோசனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முறை வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்றார். காலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போன் படுக்கையறைக்கு வெளியே தூங்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது தினமும் நடக்க வேண்டும்.

முதல் இரண்டும் தட்டுத்தடுமாறி நடந்தன. நடையைத்தான் தொடங்கவே முடியவில்லை. பகலில் வேலை வெட்டி இல்லாமல் ஆற்றங்கரையில் உலாவுவது, வீட்டிலிருந்து எதையோ திருடிக்கொண்டு போவது போல இருந்தது. துணி காயவில்லை, பாத்திரம் கிடக்கிறது, எனக்கு என்ன உலா? இன்சூரன்ஸ் கம்பெனி பணம் திருப்பித் தரும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். அதற்கு வருகைச் சான்று, கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். இரண்டு வகுப்பு தவறியதும் வெட்கப்பட்டு நின்றுவிட்டேன்.

அடுத்த முறை டாக்டர் கேட்டபோது, தினமும் போகிறேன் என்று சொன்னேன். ஜெர்மனில் காலால் போவதற்கு ஒரு சொல், வண்டியில் போவதற்கு வேறு சொல். நான் சொன்னது வண்டிச் சொல். “இல்லையம்மா, நடந்துதான் போக வேண்டும்” என்றார் அவர் பொறுமையாக. ஒரு பொய்யைக்கூட இந்த மொழியில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

3

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தார். அவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை.

“ஜெனி, உங்கண்ணிக்கு சுகர் வந்துட்ச்சு. டாக்டரு நடக்கச் சொன்னா கேக்க மாட்றா. நீயாவது சொல்லு.”

பின்னாலிருந்து பிலோ அண்ணியின் குரல் வந்தது. பிலோமினா என்பது சர்ச் பதிவேட்டில் மட்டும்தான். தெருவுக்கே அவர் பிலோ. தினமும் காலையில் வீட்டு வாசலில் ஆப்பக் கடை போடுகிறவர்.

“வெடியகாலைல புட்ச்சி அடுப்பாண்ட நின்னுகினே கீறேன். அது எக்சைஸ் இல்லியா? உங்கண்ணன ஒரு நாளு நிக்கச் சொல்லு பாப்போம்!”

போன் அவர் கைக்குப் போனது. “அண்ணி, வருஷா வருஷம் பெசன்ட் நகர் வரைக்கும் நடக்கிறீங்க. தெனமும் கொஞ்ச தூரம் நடக்கக் கூடாதா?” என்றேன்.

ஆகஸ்ட் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் காவி கட்டிக்கொண்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து பெசன்ட் நகர்வரை கூட்டத்தோடு நடந்து போகிறவர் அண்ணி. கால் கொப்பளித்துத் திரும்புவார். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார்.

“அது மாதாவுக்கு நடக்கறது. எனுக்காக நடக்க நான் இன்னா மினிஸ்டரா?”

அந்தப் பதில் எனக்கு நன்றாகப் புரிந்தது. நானும் அப்படித்தானே இருந்தேன். சட்டென்று தோன்றியதைச் சொன்னேன்.

“அப்போ எனக்காக நடங்க. எனக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போன்ல பேசிக்கிட்டே நடக்கலாம்.”

“நான் நடந்தா நீ நடப்பியா?”

“நீங்க நடந்தா நடப்பேன்.”

“செரி. அந்த முறுக்கு போட்டு அனுப்சேனே, கட்டப்பை, அத்த எட்த்துக்கோ. எவளாவது எங்க போறன்னு கேட்டா கொத்மல்லின்னு சொல்லு.”

“இங்க யாரும் கேக்க மாட்டாங்க அண்ணி.”

“இன்னா ஊரு அது!” என்றார் அண்ணி, மெய்யான வருத்தத்தோடு.

4

அங்கே விளக்கேற்றும் நேரம், இங்கே மதியம். ரியாவை அழைத்து வர எப்படியும் வெளியே போயாக வேண்டும். நேர்வழியை விட்டு, கால்வாய் ஓரமாகச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன். காதில் அண்ணி.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “இன்னா துன்ன?” காபி என்றால் திட்டு விழும். திட்டுக்குப் பயந்து காலையில் ஓட்ஸில் வெங்காயமும் மிளகாயும் போட்டுக் கிண்டி, உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டேன். பிறகு நடை தொடங்கும். அண்ணி வழியெல்லாம் நேரடி வர்ணனை கொடுப்பார். தேரடி தாண்டினேன், இப்போ எண்ணூர் ரோட்டாண்ட வந்துட்டேன், கடல் காத்து வருது, மணலிப் பக்கத்திலிருந்து ஒரு கலீஜ் நாத்தமும் கூடவே வருது. “லாரி வருது, இரு” என்று நடுவில் நிறுத்துவார். நானும் இங்கே ஹாம்பர்க் கால்வாய் ஓரத்தில், லாரியே இல்லாத பாதையில், அண்ணியின் லாரி போகட்டும் என்று காத்து நிற்பேன்.

“அண்ணி, குக்கர் விசில் கேக்குதே?”

“டீக்கடைல ஏதோ வேவுது.”

“சீரியல் பாட்டு கூட கேக்குது.”

“எல்லா வூட்லயும் அதே கன்றாவிதான் ஓடுது. இந்த முனைலேந்து அந்த முனை வரைக்கும் நட, ஒரு சீன் விடாம கேக்கும்.”

நம்பினேன். சந்தேகப்படுவதே முழுநேர வேலையாக இருந்த நான் இதை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. மழையிலும் போனேன், பனியிலும் போனேன். போக மனமில்லாத நாட்களில், அண்ணியின் சுகர் நினைவுக்கு வரும். நான் போகாவிட்டால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார், காலில் புண் வரும், கண் போகும் என்று என் மனம் வழக்கம்போல் ஓடும். அந்தப் பயம் என்னை வீட்டுக்குள் தள்ளாமல் வெளியே தள்ளியது, முதல் முறையாக.

ஆலோசனைக்கு முறை வந்தபோது அங்கேயும் போனேன். இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தூக்கிவிட்டன என்று நினைக்கிறேன். எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தூக்கம் மெல்ல வந்தது. ஒரு நாள் பாலர் பள்ளி வாசலில் நிற்கும்போது, அன்று அடுப்பைப் படம் எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடவில்லை. ரியாவும் எப்போதோ திருகுகளைத் தொடுவதை விட்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று எனக்கே தெரியவில்லை. அதைவிடப் பெரிய நல்ல செய்தி என் வீட்டில் வந்ததில்லை.

5

இந்த ஜூலையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். வந்த அன்றே சாயங்காலம் ஷூ மாட்டிக்கொண்டு ஆசையோடு வாசலில் நின்றேன். காதில் கேட்டே பழகிய பாதையைக் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

அண்ணிக்கு அன்று திடீரென்று ஏகப்பட்ட வேலை வந்துவிட்டது. மாவு கரைக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், வண்ணானிடம் துணி வாங்க வேண்டும்.

“நாளிக்கு போலாமே ஜெனி. பிளேன்ல குந்திகினு வந்த, காலு வீங்கியிருக்கும்.”

“அதுக்குத்தான் நடக்கணும் அண்ணி. வாங்க.”

ரியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லாமல் அண்ணி கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்று வாசல்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டுக் கன்னியம்மா படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பிலோ, அதிசயமா கீது! எங்க போற?”

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் பெருமையாகச் சொன்னேன். “நடக்கத்தான் போறோங்க. தெனமும் போறதுதானே.”

கன்னியம்மா இறாலைக் கீழே வைத்தார்.

“தெனமுமா? இவளா? தெனம் இந்நேரத்துக்கு கதவாண்ட சேர் போட்டுகினு குந்திகினு போன்ல பேசிகினு இருப்பா. குந்தின எடத்துலயே ‘லாரி வருது, இரு ஜெனி’ன்னுவா. ‘கடல் காத்து சூப்பரா கீது’ன்னுவா, மேல ஃபேன் ஓடும். ஏதோ பேய் கீய் புட்ச்சிகிச்சு போலன்னு நான் தண்ணி மந்திரிச்சுக் குடுக்கலாம்னு கீறேன்!”

தெருவே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வாலும் தலையும் ஒட்டி நின்றன. அந்தப் பக்கம் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். ரியா கொஞ்ச தூரத்தில் நண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. “சுகர் எவ்ளோ இருக்கு அண்ணி?”

“ஜாஸ்தி ஆய்ட்ச்சு. மாத்திரை கூட்டிக் குட்த்தாரு.”

“டாக்டர் நடக்கிறீங்களான்னு கேட்டாரா?”

“கேட்டாரு. நடக்கறேன்னேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நம்ம குடும்பத்துல டாக்டராண்ட எவ உண்மை பேசிகீறா?” என்றார். என் வண்டிச்சொல் கதையை நானே ஒரு நாள் அவருக்குச் சொல்லியிருந்தேன்.

சிரிப்பு வரவில்லை. “ஏன் அண்ணி?”

“மொத வாரம் மெய்யாலுமே நடந்தேன் ஜெனி. அப்பால முட்டி நோவு. கூடவே தெரு. வாசலுக்கு வாசல் பதில் சொல்லணும். எத்தினி நாளு கொத்மல்லி வாங்குவ? விட்டுடலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கி உங்கண்ணன் சொன்னாரு, நாம நடக்க ஆரம்பிக்கறதுக்கு மின்ன நீ நாலு நாளா வூட்ட விட்டு வெளிய போவாம, போன்ல அழுதன்னு. கொழந்தை அடுப்பத் தொட்டுப் பாத்துச்சுன்னு. நான் நடக்கலன்னு சொன்னா நீயும் படுத்துக்குவ. அதான் சேர இஸ்து போட்டுகினு, நடக்கறேன்னு சொல்லிட்டேன். நீ நடந்தா போதும்னு நெனச்சேன்.”

நானும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

“அண்ணி, நான் எனக்காக நடக்கல. உங்க சுகருக்காகத்தான் நடந்தேன்.”

அண்ணி திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்ததா, உப்புக்காற்றா என்று தெரியவில்லை. பிறகு தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார்.

“அடிப் பாவி! நல்லா ஏமாந்தோம் போ, ரெண்டு பேரும்!”

தங்கியிருந்த நாட்களில் தினமும் அந்தக் கற்கள் வரை போய் வந்தோம். நடந்து, உட்கார்ந்து, நடந்து. முட்டிக்குத் தனியாக ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஒரேயடியாக நடக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போதும், ஆனால் விடாமல் நடங்கள் என்றார் அவர். கன்னியம்மா தினமும் கேட்டார், எங்க போற என்று. அண்ணி தினமும் ஒரு காய்கறிப் பெயரைச் சொன்னார். ஒரு நாள் அவசரத்தில் பலாப்பழம் என்றுவிட்டார். திரும்பி வந்தபோது கன்னியம்மா பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

7

இப்போது திரும்பி வந்தாயிற்று. குளிர் வரப்போகிறது. அடுத்த மாதம் எனக்கு வேலை ஆரம்பிக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு கிடைத்த வேலை, மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் நடைக்கு இருந்த அந்த மதிய நேரம் போய்விடும். சாப்பாட்டு இடைவேளையில் நடக்கலாம் என்கிறார் ரெக்ஸ். அப்போது அங்கே பின்மதிய வெயில். நான் எப்படியோ சமாளித்துக்கொள்வேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இந்த வரியை என்னால் எழுதியிருக்க முடியாது.

என் கவலை அண்ணியைப் பற்றி. ஊரிலிருந்து வந்த புதிதில் வீடியோவில் வரச் சொன்னேன். இரண்டாம் நாளே, “இன்னா, போலீஸா நீ?” என்று அணைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதன்பின் குரல் மட்டும்தான். சில நாள் மூச்சு வாங்குவது கேட்கிறது, லாரியின் ஹார்ன் காதைக் கிழிக்கிறது, எனக்கு அது சங்கீதமாக இருக்கிறது. சில நாள் எதுவும் கேட்பதில்லை. கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வரும். என்னை எழுப்பி உட்கார வைத்த பொய்யைச் சொன்னவரிடம் எந்த வாயால் ‘உண்மையாக நடக்கிறீர்களா’ என்று கேட்பது? கேட்காமலும் எப்படி இருப்பது?

அதனால் இதைப் படிப்பவர்களிடம், முக்கியமாக ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பெண்களிடம் கேட்கிறேன். உங்களில் சிலராவது உங்களுக்காகவே தினமும் நடக்கிறவர்களாக இருப்பீர்கள். எப்படி ஆரம்பித்தீர்கள்? முட்டி வலித்த நாளில் என்ன செய்தீர்கள்? மாதாவுக்கும் நாத்தனாருக்கும் நடக்கத் தயாராக இருக்கும் ஒருவரை அவருக்காகவே நடக்க வைப்பது எப்படி, அவரை வேவு பார்க்காமல்? வாசலில் உட்கார்ந்து “எங்க போற?” என்று கேட்பவர்களிடம், கொத்தமல்லி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்கிறீர்கள்? என் மகளும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.

தெரிந்தால் எழுதுங்கள். நடக்கும்போது அண்ணிக்குப் படித்துக் காட்டுகிறேன், குக்கர் விசில் கேட்காத ஒரு நாளாகப் பார்த்து.